ஏடு நிரம்புகிறது, கிணறு வற்றுகிறது

குவாரிகள் சுற்றுவட்டாரத் தண்ணீரை அளந்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது விதி. திருவனந்தபுரத்தில் அந்தப் பதிவேடுகள் எங்கே போகின்றன, யார் படிக்கிறார்கள்?

திருவனந்தபுரம் பட்டத்தை அடுத்த பிளாமூட்டில் இருக்கிறது கேரள மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம். பக்கத்துக் கேசவதாசபுரத்தில் மாநிலச் சுரங்க மற்றும் புவியியல் துறை. அதே கேசவதாசபுரத்தில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கேரள அலுவலகம். சிறிது தள்ளி அம்பலமுக்கில் மாநில நிலத்தடி நீர்த் துறை. ஒரு ஆட்டோவில் ஏறினால் நான்கு அலுவலகங்களையும் ஒரு காலைப் பொழுதில் சுற்றி வந்துவிடலாம்.

ஆனால் ஒரு குவாரியின் பக்கத்தில் இருக்கும் கிணற்றைப் பற்றிய விவரத்தைத் தேடினால் கதை வேறு. குத்தகைக் கோப்பு ஒரு அலுவலகத்தில் இருக்கும். இயக்க அனுமதி இன்னொன்றில். நீர்மட்டக் கணக்கு மூன்றாவதில். சுற்றுச்சூழல் நிபந்தனைகளை நிறைவேற்றியதாகச் சொல்லும் அரையாண்டு அறிக்கை மத்திய அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போகும். அது கேரளத்திலேயே இல்லை, பெங்களூரில் இருக்கிறது. அத்தனை ஏடுகளுக்கும் காரணமான கிணறு மட்டும் மலையடிவாரத்து வீட்டுக் கொல்லையில், அளப்பாரின்றிக் கிடக்கிறது.

இது திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. நாடெங்கும் சுரங்கங்களின் நிலை இதுதான். ஆனால் கேரளத்தில் அதன் வலி அதிகம். காரணம், கிணறு. உலகிலேயே கிணறுகள் மிக நெருக்கமாக உள்ள பகுதிகளில் ஒன்று கேரளம். கடலோரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200 கிணறுகள், இடைநாட்டில் 150, மலைப்பகுதியில் 70 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வீட்டுக்கு ஒரு கிணறு என்பது இங்கே வசதியின் அடையாளம் அல்ல, அடிப்படைத் தேவை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் சமாளிக்கலாம். கிணறு கலங்கினால் அன்றைய சமையலே நின்றுவிடும்.

அதே இடைநாட்டில்தான் பாறையும் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் அடியில் கிடப்பவை சார்னோகைட், கோண்டலைட் போன்ற கடினப் பாறைகள். மேலே செம்புரை மண். மழைநீர் அந்தச் செம்புரையில் ஊறி, பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. கிணறுகள் நம்பி இருப்பது இந்த மெல்லிய சேமிப்பைத்தான். குவாரி, மலையாளிகளின் வார்த்தையில் 'பாறமட', முதலில் மேல் மண்ணை அகற்றுகிறது. பிறகு பாறையை வெடிவைத்துக் கீழே இறங்குகிறது. நீர் தேங்கும் வெடிப்பை அது வெட்டிவிட்டால் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் குவாரிக் குழிக்குள் கசிகிறது. குழியில் வேலை நடக்க வேண்டுமானால் அந்தத் தண்ணீரை இறைத்து வெளியே விட வேண்டும். இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டம் இறங்கும். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்பதில்லை. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரு வீட்டுக் கிணறு வற்றலாம். அடுத்த வீட்டுக் கிணறு அசையாமல் இருக்கலாம். எனவேதான் அளக்க வேண்டியிருக்கிறது.

கேரள வன ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பு மாநிலத்தில் 5,924 குவாரிகளை வரைபடத்தில் குறித்தது. இயங்குபவை, கைவிடப்பட்டவை எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை இது. அனுமதி பெற்று இயங்குபவை இதில் ஒரு பகுதிதான். கைவிடப்பட்டவற்றை யார் அளப்பது என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

கல்லுக்கான தேவையோ குறையவில்லை. 2015 டிசம்பரில் வேலை தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவர் தேவைப்பட்டது. அதற்கு லட்சக்கணக்கான டன் பாறை வேண்டும். கல் கிடைக்கவில்லை என்பதே திட்டம் தாமதமானதற்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணங்களில் ஒன்று. 2017இல் ஒக்கி புயல் அடித்துக் கட்டிய பகுதியிலும் சேதம் ஏற்பட்டது. திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டக் குவாரிகளோடு கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லும் லாரி லாரியாக வந்தது. 2025 மே மாதம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடலுக்குள் போன கல்லுக்குத் துல்லியமான எடைக் கணக்கு உண்டு. அந்தக் கல் இருந்த இடத்தைச் சுற்றியிருந்த தண்ணீருக்கு?

விதியில் குறையில்லை

விதிப்படி அதற்கும் கணக்கு உண்டு. சுரங்கங்களுக்குத் தரப்படும் சுற்றுச்சூழல் அனுமதியில் ஏறக்குறைய மாறாமல் இடம்பெறும் ஒரு நிபந்தனை இருக்கிறது. குத்தகைப் பகுதியைச் சுற்றி ஏற்கனவே உள்ள கிணறுகளையும் புதிதாக அமைக்கும் கண்காணிப்புக் குழாய்களையும் கொண்டு ஒரு வலைப்பின்னல் ஏற்படுத்த வேண்டும். நீர்மட்டத்தையும் தரத்தையும் ஆண்டுக்கு நான்கு முறை அளக்க வேண்டும்: மழைக்கு முன் ஏப்ரல்-மே, மழையின்போது ஆகஸ்ட், மழைக்குப் பின் நவம்பர், பனிக்காலத்தில் ஜனவரி. முடிவுகளை அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும், மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும்.

இந்த நான்கு மாதங்கள் சும்மா தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் தன் கண்காணிப்புக் கிணறுகளை அளப்பதும் ஏறக்குறைய இதே பருவங்களில்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, குவாரிக்குத் தொலைவில் உள்ள வாரியத்தின் கிணறுகளில் மட்டம் அரை மீட்டர் இறங்கி, குவாரியை ஒட்டிய கிணறுகளில் மூன்று மீட்டர் இறங்கியிருந்தால், வறட்சியைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் குவாரியைக் குற்றம் சொல்ல முடியாது. சுரங்க முதலாளிக்கும் ஊர்க்காரருக்கும் சமமாகப் பயன்படும் சாட்சி இது. இரண்டு தாள்களும் ஒரே மேஜைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

தரத்தை அளப்பதும் இப்படித்தான். குவாரிகளில் வெடிக்கப் பயன்படும் பொருட்களில் அம்மோனியம் நைட்ரேட் உண்டு. முழுதாக வெடிக்காமல் சிதறியது மழையில் கரைந்தால் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் நைட்ரேட் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் கழிவறைத் தொட்டியிலிருந்தும் நைட்ரேட் வரும், ரப்பருக்குப் போடும் உரத்திலிருந்தும் வரும். குவாரி தொடங்கும் முன் கிணற்றில் எவ்வளவு இருந்தது என்ற முதல் அளவு இல்லாவிட்டால், இன்றைய எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. கிரஷர் தூசும் கழுவிய நீரும் ஓடையில் கலந்தால் அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. வண்டல் தொட்டியும், குழியைச் சுற்றி மாலை போல ஓடும் வடிகாலும் கேட்கப்படுவது இதற்காகத்தான்.

இவ்வளவு தெளிவான ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1974இல் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்கள் பிறந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வாரியத்தின் அனுமதி பெற்ற ஒவ்வொரு தொழிலும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும் என்றானது. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு கழிவை வெளியேற்றினோம் என்று நிறுவனமே தன் கையால் எழுதித் தரும் வாக்குமூலம் அது. 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு வந்தது. 2006இல் அது மாற்றி எழுதப்பட்டது. ஆனால் இரண்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சுரங்கங்கள் தப்பித்துக்கொண்டன. கல்குவாரிகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்குபவை.

ஓட்டையை அடைத்தது ஹரியானாவிலிருந்து வந்த ஒரு வழக்கு. மணலும் கல்லும் எடுக்கும் இடங்களை 4.5 ஹெக்டேருக்கு மிகாத துண்டுகளாக்கி ஏலம் விட்டிருந்தார்கள் அங்கே. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. கேரளத்தில் அதன் பிறகும் இழுபறி நடந்தது. 2015இல் புதிய சிறு கனிமச் சலுகை விதிகள் வந்தன. அனுமதி இல்லாமலே பழைய பர்மிட்டுகளைப் புதுப்பிக்கும் வழி உயர் நீதிமன்றத்தில் அடைபட்டது. சட்டத்தைப் பொறுத்தவரை அன்றிலிருந்து சின்னப் பாறமடைக்கும் தண்ணீர்க் கணக்கு உண்டு.

மண்ணைத் தோண்டிய கதை

குவாரிகள் ஒரு பக்கம் என்றால், திருவனந்தபுரத்தின் இன்னொரு சுரங்கம் களிமண். மங்கலபுரத்தை ஒட்டிய தோன்னக்கல் பகுதியில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் தரத்துக்குப் பெயர் பெற்றது. காகிதத்துக்கும் பெயின்ட்டுக்கும் ரப்பருக்கும் பீங்கானுக்கும் வேண்டிய சரக்கு. வேளியில் தொழிற்சாலை வைத்திருந்த இங்கிலீஷ் இந்தியன் கிளேஸ் நிறுவனம் அறுபதுகளிலிருந்து இந்த மண்ணை நம்பி இயங்கியது. 2020இல் ஆலை மூடப்பட்டு நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். சுரங்கத்தால் கிணறு போனது என்று போராடியவர்களும், சுரங்கம் நின்றதால் சோறு போனது என்று போராடியவர்களும் ஒரே வட்டாரத்துக்காரர்கள்.

களிமண் சுரங்கத்தில் தண்ணீர்ப் பிரச்சினை கல்குவாரியைவிட நேரடியானது. களிமண் படிவம் பெரும்பாலும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இறைக்காமல் தோண்ட முடியாது. மேலே உள்ள செம்புரையும் மணலும்தான் ஊர்க் கிணறுகளின் ஊற்று.

இந்தச் சுரங்கங்களின் ஏட்டைப் பாதித்த ஒரு மாற்றம் அதிகம் பேசப்படாமலே நடந்தது. 2015 பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறு கனிமங்கள் என்று அறிவித்தது. வெள்ளைக் களிமண்ணும் அதில் ஒன்று. அதுவரை பெரிய கனிமம் என்ற முறையில் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுரங்கப் பணியகம் இச்சுரங்கங்களை ஆய்வு செய்யும். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நச்சுநீர், மேல்மண் பாதுகாப்பு, சுரங்கம் மூடும் திட்டம் என்று அதற்குத் தனி விதித் தொகுப்பு உண்டு. அறிவிப்புக்குப் பின் பொறுப்பு மாநிலச் சுரங்கத் துறையின் கைக்கு வந்தது. களிமண் மாறவில்லை, குழி மாறவில்லை. ஆய்வாளர் மட்டும் மாறினார்.

தொழிலாளர் பாதுகாப்பு மட்டும் இன்னும் மத்திய அரசிடம் இருக்கிறது. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் அதைக் கவனிக்கிறது. வெடி அதிர்வுக்கு அது 1997இல் வகுத்த வரம்பு வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகவே இருக்கிறது. சாதாரண வீட்டுக்கு, அதிர்வெண் குறைவாக இருந்தால், 5 மில்லிமீட்டர். கருவியை வைத்தால் அன்றே தெரிந்துவிடும். கிணற்றுக்கு அப்படியல்ல. அதன் இன்றைய மட்டத்தை அதன் நேற்றைய மட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நேற்றைய ஏடு இல்லாவிட்டால் இன்றைய அளவுக்கு அர்த்தமில்லை.

சங்கிலி அறும் இடங்கள்

விதி இவ்வளவு இருந்தும் ஏன் கிணற்றுக்காரருக்கு நியாயம் கிடைப்பதில்லை? முதல் காரணம், அளப்பவர் யார் என்பது. நீரை அளக்க வேண்டியவர் குவாரி உரிமையாளர். ஆய்வுக்கூடத்துக்குப் பணம் தருபவரும் அவரே. எந்தக் கிணறு, எந்த நாள், பம்பு ஓடிய பிறகா முன்பா என்று முடிவு செய்பவரும் பெரும்பாலும் அவர் அமர்த்திய ஆலோசகரே. சுயமாக அளப்பது தவறல்ல. உலகெங்கும் அதுதான் நடைமுறை. ஆனால் சுய அளவை அவ்வப்போது சரிபார்க்க இன்னொரு கை வேண்டும்.

அந்த இன்னொரு கை பலவீனமானது என்று சொன்னவர் மத்திய கணக்குத் தணிக்கையாளர். சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பிந்திய கண்காணிப்பைப் பற்றிய அவருடைய 2016ஆம் ஆண்டு அறிக்கை, நிபந்தனையை மீறுபவர் மீது நேரடியாக நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அமைச்சகத்தின் மண்டல அலுவலகங்களுக்குத் தரப்படவில்லை என்றது. ஆள் பற்றாக்குறையையும் சுட்டிக்காட்டியது. அதாவது, ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று இரண்டு தேதிகளில் அறிக்கை வந்து சேரும். தவறு தெரிந்தாலும் டெல்லிக்குத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, சிறு குத்தகை. ஒரு மலையில் நான்கு குவாரி இருந்தால் நான்கு அறிக்கை. ஒவ்வொன்றும் தன்னளவில் சுத்தமாக இருக்கும். கிணறோ நான்கின் மொத்த விளைவையும் தாங்குகிறது. 500 மீட்டருக்குள் உள்ள குத்தகைகளைத் தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு 2016இல்தான் வந்தது. அதே ஆண்டு மாவட்ட அளவிலேயே அனுமதி தரும் குழுக்களும் அமைக்கப்பட்டன. 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏற்பாட்டில் மக்கள் கருத்துக் கேட்பும் தாக்க மதிப்பீடும் விடுபட்டதைத் தவறு என்றது. இப்போது விண்ணப்பங்கள் மாநில ஆணையத்தின் மேஜையில் குவிகின்றன.

மூன்றாவது காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. குவாரியின் கழிவுநீரை வாரிய அதிகாரி எடுத்துச் சோதித்து, அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க வேண்டுமானால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்வதை ஒரு எழுத்து விடாமல் செய்ய வேண்டும். அந்த இடத்திலேயே பொறுப்பாளருக்கு நோட்டீஸ் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாட்டிலுக்கும் முத்திரை வைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு. அவர் கேட்டால் மற்றொன்று அரசின் ஆய்வுக்கூடத்துக்கு. நடைமுறை தவறினால் முடிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் வழக்கில் செல்லாது. நேர்மையான தொழிலைப் பாதுகாக்க வந்த நடைமுறைதான் இது. அவசரத்தில் ஒரு பாட்டிலில் எடுத்துவந்த தண்ணீரோ ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும்.

ஏடு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகரின் விளிம்பிலேயே பாடம் இருக்கிறது. பள்ளிச்சல் பஞ்சாயத்தை ஒட்டிய மூக்குன்னிமலை, ரப்பர் பயிரிடுவதற்காக ஒதுக்கப்பட்ட அரசு நிலம். நாளடைவில் அங்கே ரப்பரைவிடக் கல் லாபமாகத் தெரிந்தது. விதிகளை மீறி மலை குடையப்பட்டதாக ஊர்க்காரர்கள் போராடினார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை விசாரணையும் வழக்கும் வந்தன. எவ்வளவு கல் போனது, அரசுக்கு எவ்வளவு நஷ்டம் என்று மலையை அளந்து கண்டுபிடிக்க வேண்டிய நிலை. கல்லையாவது குழியின் ஆழத்தை வைத்துப் பின்னால் கணக்கிடலாம். போன தண்ணீரை அப்படிப் பின்னோக்கி அளக்க எந்தக் கருவியும் இல்லை.

தூரத்தைப் பற்றிய சண்டையும் இதே வகைதான். வீட்டுக்கும் குவாரிக்கும் 100 மீட்டர் இடைவெளி என்று இருந்ததைக் கேரள அரசு 2017இல் 50 மீட்டராகக் குறைத்தது. 2020 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம், வெடிவைக்கும் குவாரிக்கு 200 மீட்டர் வேண்டும் என்றது. குவாரி உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுக்கலாமா என்ற கேள்விக்கு, எடுக்கலாம் என்று 2021 அக்டோபரில் விடை கிடைத்தது. 50 மீட்டரா 200 மீட்டரா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். பாறை வெடிப்பில் ஓடும் நீருக்கு மீட்டர் கணக்கு தெரியாது.

சிறைக்குப் பதில் அபராதம்

தண்டனை பற்றிய சட்டமும் அண்மையில் மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி நிபந்தனையை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்பது பழைய விதி. 2023இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் சிறைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். அபராதத்தை விதிப்பவர் நீதிபதி அல்ல, நியமிக்கப்பட்ட அதிகாரி. சிறைத் தண்டனை ஏட்டளவில் இருந்ததே தவிர யாரும் உள்ளே போகவில்லை என்பது ஆதரிப்பவர்களின் வாதம். பெரிய குவாரிக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்குதான் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: அபராதமோ சிறையோ, மீறலை நிரூபிக்க ஏடு வேண்டும்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற தனியார் தணிக்கையாளர்கள் தொழில்களைச் சரிபார்ப்பார்கள். ஆள் பற்றாக்குறை என்ற பழைய புகாருக்கு இது பதில். தணிக்கையாளர் தன் வேலையை யாருக்குப் பயந்து செய்வார் என்பது போகப்போகத் தெரியும்.

எல்லையைத் தாண்டினால் இதே கேள்வி தமிழகத்திலும் காத்திருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி மணல் ஆலை இயங்குகிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. தமிழக அரசு அதை எதிர்த்தது. கூட்டத்தில் எழுந்து கேட்கும் வாய்ப்பு போனால் மிஞ்சுவது ஏட்டைக் கேட்கும் உரிமை மட்டுமே.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977இல் வந்த சட்டம் பல விஷயங்களில் கறாரானது. சுரங்கம் தொடங்கும் முன்பே நிலத்தடி நீரின் பருவவாரியான அளவைத் தந்தால்தான் அனுமதி. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீர் அறிக்கை. ஆய்வாளர் சராசரியாக மாதம் ஒரு முறை பகுதி ஆய்வும், காலாண்டுக்கு ஒரு முறை முழு ஆய்வும் செய்ய வேண்டும். முக்கியமானது இது: மேற்பரப்புச் சுரங்கத்தால் ஒருவருடைய கிணறு பாழானால் சுரங்க நிறுவனம் அவருக்கு மாற்று நீர் ஏற்பாடு செய்து தர வேண்டும். எனவே அங்கே முதல் அளவை ஒழுங்காக எடுத்து வைப்பது நிறுவனத்துக்கே லாபம். கிணறு ஏற்கனவே கெட்டிருந்தது என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் அதற்குத் துணை. அங்கும் சண்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால் சண்டை எண்களை வைத்து நடக்கிறது.

திருவனந்தபுரத்தில் எண் இல்லாத சண்டைக்கு வயதாகிவிட்டது. கிளிமானூர், நகரூர், வெள்ளறடை என்று குவாரிகளுக்கு எதிரான போராட்டங்களில் ஊர்க்காரர்கள் கிணறு வற்றியதைச் சொல்வார்கள். உரிமையாளர் கோடையைக் காட்டுவார். கோடையும் பொய்யல்ல. 2016 அக்டோபரில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2017 மே மாதம் பேப்பாற அணை வறண்டு, நெய்யாறிலிருந்து அருவிக்கரைக்குத் தண்ணீர் இறைத்துத்தான் தலைநகரின் தாகம் தணிக்கப்பட்டது. அந்த நாட்களில் கைவிடப்பட்ட குவாரிக் குழிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தரலாமா என்ற யோசனையும் கேரளத்தில் எழுந்தது. கிணறுகள் வறண்ட ஊரில் குழி நிறையத் தண்ணீர் நின்றது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மழை என்பார் ஒருவர். என் கிணற்றுத் தண்ணீர் என்பார் மற்றவர். இருவரில் யார் சொல்வது உண்மை என்பதை ஆண்டுக்கு நான்கு வரி வீதம் எழுதப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகம் சொல்லியிருக்கும்.

அந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பெரிய செலவில்லை. கயிறு, அதன் முனையில் ஒரு எடை, அளவு நாடா. ஜனவரி, ஏப்ரல், ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் அதிகாலையில், மோட்டார் போடும் முன், கைப்பிடிச் சுவரின் ஒரே இடத்திலிருந்து தண்ணீர் வரை அளந்து தேதியோடு எழுத வேண்டும். குவாரியிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கிணற்றையும் சேர்த்து அளந்தால் ஒப்பிடலாம். இது நீதிமன்றத்தில் கடைசிச் சொல் ஆகாது. ஆனால் பிளாமூட்டிலும் கேசவதாசபுரத்திலும் பெங்களூரிலும் கிடக்கும் ஏடுகளைத் திறக்கச் சொல்ல அது போதுமான சாவி.

பெட்டிச் செய்தி: கேட்டுப் பெற வேண்டியவை

ஊருக்குள் குவாரி இருந்தால் அதன் காகிதங்கள் ரகசியம் அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தும் இவற்றைப் பெறலாம்.

சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம்: அனுமதி கிடைத்ததை உள்ளூர் மொழிப் பத்திரிகை உட்பட இரண்டு பத்திரிகைகளில் விளம்பரப்படுத்த வேண்டும். கடிதத்தின் பிரதி பஞ்சாயத்துக்கும் அனுப்பப்பட வேண்டும். எந்தெந்தக் கிணறுகளை அளக்க வேண்டும் என்பதை முதலில் இதில் பாருங்கள்.

அரையாண்டு இணக்க அறிக்கை: ஜூன் 1, டிசம்பர் 1. கடைசி நான்கு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே எண்கள் இருந்தால் யாரும் கிணற்றருகே போகவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை: செப்டம்பர் 30. எடுத்த தண்ணீரின் அளவு இதில் இருக்கும்.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி: காலாவதித் தேதியையும் கழிவுநீர் நிபந்தனையையும் கவனியுங்கள்.

சுரங்கத் திட்டம்: எவ்வளவு ஆழம் தோண்ட அனுமதி, மூடும்போது குழியை என்ன செய்ய வேண்டும் என்பது இதில் உண்டு.

மத்திய, மாநில நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகள்: உங்கள் கிணற்றின் கணக்கோடு ஒப்பிட இவை தேவை.